நியூயிங்டன் மாளிகைக் கொலை வழக்கு: தீர்ப்புக்குப் பின் எஞ்சிய வினாக்கள்



கொலை வழக்கு ஒன்றைப் பற்றி மொழி மேடையில் பேசுவது பொருத்தமா என்று சிலர் எண்ணக்கூடும். துப்பறியும் கதைகளைப் பாடப் புத்தகத்துக்குள் ஒளித்து வைத்துப் படித்தவர்கள் நம்மில் பலர். அவ்வாறு படித்ததை வெளியே சொல்லத் தயங்கியவர்களும் நாமே. ஆயினும், ஒரு சமுதாயம் தன் மக்களை எப்படி அடுக்கி வைத்திருந்தது என்பதை அறிய விரும்புவோர்க்கு ஒரு பழைய கொலை வழக்கு நல்ல ஆவணம். ஒருவர் கொல்லப்பட்டபின் எவரை விசாரித்தார்கள், எவர் சொல்லை நம்பினார்கள், எவரைக் கேளாமலே கடந்து போனார்கள் என்பவற்றைப் பார்த்தால், அக்காலத்து மேடு பள்ளங்கள் தாமாகவே புலப்படும்.

இன்று நாம் எடுத்துக்கொள்ளும் வழக்கு சென்னையில் நிகழ்ந்தது. ஆனால் அதற்குச் செல்லும் வழியை இந்தச் சாங்கியிலிருந்தே தொடங்கலாம்.

சாங்கிக்குச் சென்ற சாலையும் ஃபேரர் பார்க்குக்குச் சென்ற சாலையும்

1942 பிப்ரவரி 15 ஆம் நாள் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. சரணடைந்த பிரிட்டிஷ், ஆஸ்திரேலியப் படையினர் சாங்கியை நோக்கி நடத்திச் செல்லப்பட்டனர். ஐரோப்பியக் குடிமக்கள் பின்னர் சாங்கிச் சிறைக்குள் அடைக்கப்பட்டனர். இந்தியப் படையினரோ பிப்ரவரி 17 ஆம் நாள் ஃபேரர் பார்க் திடலில் கூடுமாறு பணிக்கப்பட்டனர். நம் தேக்காவுக்கு, சிராங்கூன் சாலைக்கு அருகிலுள்ள அதே திடல்தான். ஒரே கொடியின்கீழ்ப் போரிட்டவர்கள் தோல்விக்குப் பின் இனவாரியாக இரு சாலைகளில் பிரிக்கப்பட்டார்கள். பிரித்தவர்கள் ஜப்பானியர், ஆனால் அந்தக் கோடு அவர்கள் வருவதற்கு முன்பே இங்கே வரையப்பட்டிருந்தது. உணவு விடுதியிலும் மன்றங்களிலும் சம்பளப் பட்டியலிலும் அது நாள்தோறும் கண்ணுக்குத் தெரிந்த கோடு.

அக்காலத்தில் சிங்கப்பூரில் இளம் பெண் மருத்துவர் ஒருவர் இருந்தார். 1940 இல் சென்னையிலிருந்து இங்கு வந்து, புலம்பெயர்ந்த ஏழைத் தொழிலாளர்க்கு மருத்துவம் பார்த்தவர். 1943 இல் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் இங்கு வந்தபோது, ஜான்சி ராணிப் படையை அமைத்து நடத்தும் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர்தாம் கேப்டன் லட்சுமி. அந்த ஆண்டு அக்டோபரில் வாட்டர்லூ தெருவில் அப்படையின் பயிற்சி முகாம் திறக்கப்பட்டது. அதில் சேர்ந்த பெண்களுள் பெரும்பகுதியினர் மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து வந்த தமிழ்ப் பெண்கள்.

சென்னையின் செல்வக் குடும்பம் ஒன்றில் பிறந்து, ஆங்கில முறையில் வளர்க்கப்பட்ட ஒருவரை ஆங்கில ஆட்சிக்கு எதிராகத் திருப்பியது எது? அவருடைய தாயார் அம்மு சுவாமிநாதன் பின்னாளில் இந்திய அரசியல் நிர்ணய சபையில் உறுப்பினராக இருந்தவர். தந்தையார் சுவாமிநாதன் சென்னையின் புகழ்பெற்ற குற்றவியல் வழக்கறிஞர். தம் குடும்பத்தின் மனமாற்றத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் லட்சுமி ஒரு கொலை வழக்கைக் குறிப்பிட்டார். அது நிகழ்ந்தபோது அவர் ஐந்து வயதுக் குழந்தை.

மாளிகையும் அதன் மாணவர்களும்

சென்னைத் தேனாம்பேட்டையில் நியூயிங்டன் மாளிகை என்றொரு கட்டடம் இருந்தது. அது ஒரு பள்ளி, விடுதி, ஒருவகையில் காவலிடமும்கூட. ஜமீன்தார் ஒருவர் வாரிசு வயதுக்கு வருமுன் இறந்துவிட்டால், அந்த ஜமீனின் நிருவாகத்தையும் சிறுவனின் வளர்ப்பையும் அரசு ஏற்றுக்கொள்ளும். இதற்கென அமைந்தது ‘கோர்ட் ஆஃப் வார்ட்ஸ்’ என்னும் காப்பாளர் மன்றம். மற்றவர்க்கு 18 வயதில் உரிமை வயது வந்துவிடும். இம்மன்றத்தின் காப்பில் இருந்தவர்க்கோ 21 வயது வரை வராது. ஊரில் பல்லாயிரம் ஏக்கருக்கு உரியவன் தேனாம்பேட்டையில் அனுமதியின்றி வாயிலைத் தாண்ட முடியாத மாணவன்.

இந்த ஏற்பாட்டின் நோக்கத்தை நாம் கவனிக்க வேண்டும். பாளையக்காரர்களின் வழிவந்தவர்களை ஆங்கிலப் பழக்கவழக்கங்களில் தேர்ந்த விசுவாசமிக்க நிலவுடைமையாளர்களாக ஆக்குவதே அது. அவர்கள் ஆங்கிலம் பேசவும் ஆங்கில முறையில் உண்ணவும் உடுக்கவும் பழகினார்கள். ஆனால் கற்பித்தவர்க்கும் கற்றவர்க்கும் இடையே இருந்த தொலைவு குறையவில்லை. ஊரில் மற்றவர் தம்முன் கைகட்டி நிற்பதைக் கண்டு வளர்ந்த இளைஞர்கள், இங்கே வெள்ளையர் ஒருவர்முன் கைகட்டி நிற்கவேண்டியிருந்தது.

அந்த மாளிகையின் முதல்வராக இருந்தவர் கிளமெண்ட் டி லா ஹே என்னும் ஆங்கிலேயர். 1919 அக்டோபர் நடுப்பகுதியில் ஓரிரவு, உறங்கிக்கொண்டிருந்த அவர் மிக அருகிலிருந்து சுடப்பட்டு இறந்தார்.

வழக்கு

ஐயம் மாளிகையில் தங்கியிருந்த மாணவர்கள் மீதே விழுந்தது. திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த இரண்டு இளம் ஜமீன்தார்களின் பெயர்கள் முன்னே வந்தன. ஒருவர் கடம்பூர் ஜமீனைச் சேர்ந்தவர். மற்றவர் சிங்கம்பட்டி ஜமீனைச் சேர்ந்தவர். சிங்கம்பட்டி இளைஞர் அரசுத் தரப்புச் சாட்சியாக மாறினார். நீதிமன்றப் பேச்சில் சொன்னால் ‘அப்ரூவர்’ ஆனார். கடம்பூர் இளைஞர் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்பட்டார்.

சென்னையில் எங்கு பார்த்தாலும் இதே பேச்சாக இருந்தமையால் வழக்கு பம்பாய் உயர் நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டது. அரசுத் தரப்பின் முதன்மை வலிமை உடன்குற்றவாளி எனப்பட்டவரின் வாக்குமூலம். இங்கே சட்டம் ஓர் எச்சரிக்கையை முன்வைத்திருந்தது. 1872 ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம், உடன்குற்றவாளியின் சாட்சியத்தை ஏற்கலாம் என்றது. ஆனால் முக்கியமான கூறுகளில் வேறு சான்று அதற்குத் துணைநில்லாவிட்டால் அது நம்பத்தக்கதன்று என நீதிமன்றம் கருதலாம் என்றும் சொன்னது. தன்னைக் காத்துக்கொள்ளப் பிறரைக் காட்டிக் கொடுப்பவன் உண்மையும் சொல்லலாம், பொய்யும் சொல்லலாம் என்பதே இதன் அடிப்படை. குற்றம் ஐயத்துக்கு இடமின்றி மெய்ப்பிக்கப்படவில்லை. கடம்பூர் இளைஞர் விடுதலை செய்யப்பட்டார்.

மாணவர்களுக்கு ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். நூறு ஆண்டுகள் கழித்து மேடையில் நின்றுகொண்டு, நீதிமன்றம் விடுவித்த ஒருவரை நாம் மீண்டும் குற்றவாளியாக்குதல் முறையன்று. சுட்டது யார் என்ற வினாவுக்கு இன்றும் விடையில்லை. அந்த வினாவை அப்படியே விட்டுவிட்டு, விடை காணக்கூடிய வேறு வினாக்களுக்குச் செல்வோம்.

வதந்திகள் சொல்வன

கொலைக்கான காரணம் பற்றி அன்றைய சென்னையில் இரண்டு பேச்சுகள் உலவின. முதல்வர் தமிழரை நாகரிகமற்றவர்கள் என இழித்துப் பேசினார், அந்த அவமதிப்பே துப்பாக்கியைத் தூக்கவைத்தது என்பது ஒரு பேச்சு. மாளிகையின் இல்லறத்தைச் சுற்றி எழுந்த வம்புப் பேச்சு மற்றொன்று. இவற்றுள் எதையும் நாம் மெய்யென்று கொள்ள வேண்டியதில்லை. வதந்தி நடந்ததைச் சொல்வதைவிட, எது நடந்திருக்கக்கூடும் என்று ஊர் நம்பியது என்பதையே தெளிவாகச் சொல்லும். ஓர் ஆசிரியர் தம் மாணவரின் இனத்தை இழிவாகப் பேசியிருப்பார் என்பதைச் சென்னை மக்கள் எளிதில் நம்பினார்கள். ஏனெனில் அத்தகைய சொற்களை அவர்கள் அலுவலகங்களிலும் ரயில்பெட்டிகளிலும் கேட்டுப் பழகியிருந்தார்கள்.

ஆங்கிலேயர் தரப்புக்கும் அதற்கேயுரிய அச்சங்கள் இருந்தன. எட்டு ஆண்டுகளுக்கு முன், 1911 ஜூன் 17 ஆம் நாள், மணியாச்சி ரயில் நிலையத்தில் திருநெல்வேலி ஆட்சியர் ஆஷ் வாஞ்சிநாதனால் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். கடம்பூரும் அதே ரயில்பாதையில், மணியாச்சிக்கு அருகில் உள்ள ஊர். மீண்டும் ஓர் ஆங்கிலேயர், மீண்டும் திருநெல்வேலி. இரண்டுக்கும் தொடர்பு இருந்ததாகக் கொள்ள இடமில்லை. எனினும் அச்சத்துக்குத் தொடர்பு தேவைப்படுவதில்லை.

ஓர் உயிரும் 379 உயிர்களும்

இவ்வழக்கின் காலத்தை நினைவிற்கொள்ள வேண்டும். 1919 ஏப்ரல் 13 ஆம் நாள் அமிர்தசரஸ் ஜாலியன்வாலா பாக்கில் ஜெனரல் டயரின் ஆணையால் துப்பாக்கிச் சூடு நடந்தது. அரசின் கணக்கின்படியே 379 பேர் இறந்தார்கள். அதை விசாரிக்க ஹண்டர் பிரபுவின் தலைமையில் குழு அமைக்கப்பட்டதும், தேனாம்பேட்டையில் துப்பாக்கி வெடித்ததும் ஒரே அக்டோபர் மாதத்தில். டயர் பதவியிலிருந்து விலக்கப்பட்டார். ஆனால் எந்தக் குற்றவாளிக் கூண்டிலும் அவர் நிறுத்தப்படவில்லை.

டி லா ஹேயின் கொலை விசாரிக்கப்பட்டது தவறு என்று நாம் சொல்லவில்லை. உறங்கும் ஒருவரைச் சுடுவது எவர் செய்தாலும் கொடுமை. அதை விசாரிப்பது அரசின் கடமை. அந்தக் கடமை எல்லா உயிர்களுக்கும் ஒரே அளவில் நிறைவேற்றப்பட்டதா என்பதே கேள்வி. சட்டப் புத்தகத்திலேயே இதற்கு விடை இருந்தது. இல்பர்ட் மசோதாவை ஒட்டி எழுந்த கிளர்ச்சிக்குப் பின், விசாரணைக்கு உள்ளாகும் ஐரோப்பியர் தம் ஜூரிகளுள் பாதிப்பேரேனும் வெள்ளையராக இருக்கவேண்டும் என்று கோரும் உரிமையை 1884 இல் பெற்றனர். நீதியின் தராசில் நிறத்துக்கு எடை உண்டு என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்டிருந்த காலம் அது.

இத்தகைய காலத்தில்தான் கடம்பூர் இளைஞருக்காக வாதிட்டார் சுவாமிநாதன். வழக்கறிஞர் தம் தொழிலைச் செய்தார், கட்சிக்காரர் விடுதலையானார். அதன்பின் அதுவரை வீட்டுக்கு வந்துபோன ஆங்கிலேய நண்பர்கள் முகம் திருப்பிக்கொண்டார்கள். ஆங்கிலேயர் கொலையில் எதிர்த்தரப்புக்கு வாதாடியதை அவர்களால் பொறுத்துக்கொள்ள இயலவில்லை. அம்மு சுவாமிநாதன் தம் மகளை ஆங்கிலப் பள்ளியிலிருந்து எடுத்து வேறு பள்ளியில் சேர்த்தார். அயல்நாட்டு உடைகள் கைவிடப்பட்டன. வீட்டின் பேச்சுமொழிகூட மாறத் தொடங்கியது. பழகிய மனிதர்கள் ஒரே நாளில் அந்நியராவதை அந்தச் சிறுமி பார்த்தாள். இருபத்து நான்கு ஆண்டுகள் கழித்து வாட்டர்லூ தெருவின் முகாமில் சீருடையுடன் நின்றவர் அந்தச் சிறுமிதான்.

கதையை இங்கே முடித்தால் கேட்பதற்கு இனிமையாக இருக்கும். அவமதிப்பு, விடுதலை, வீரம் என்ற வரிசை நம் உள்ளத்துக்கு நிறைவு தரும். ஆனால் இது வழக்கின் ஒரு பாதி மட்டுமே.

வழக்கின் செலவை யார் செலுத்தினார்கள்?

நியூயிங்டன் மாளிகையில் முதல்வரும் மாணவர்களும் மட்டுமா வாழ்ந்திருப்பார்கள்? அத்தகைய மாளிகை ஒன்று சமையற்காரரும் காவற்காரரும் துப்புரவு செய்வோரும் இன்றி ஒரு நாளும் இயங்காது. இவ்வழக்கு மீண்டும் மீண்டும் சொல்லப்படும்போது அவர்கள் பேசப்படுவதில்லை. ஆங்கிலேயரும் ஜமீன்தார்களும் வழக்கறிஞர்களும் மோதிக்கொண்ட களமாகவே அது நினைவில் நிற்கிறது. இனப் பிளவைப் பார்க்கப் பழகிய நம் கண், அதற்குக் கீழே கிடந்த வர்க்கப் பிளவைத் தாண்டிச் சென்றுவிடுகிறது.

அந்தக் கீழ்த்தளத்தைக் காண, பம்பாய் நீதிமன்றத்தை விட்டுப் பொதிகை மலைத்தொடருக்குச் செல்லவேண்டும். சிங்கம்பட்டி ஜமீனுக்கு மேற்குத் தொடர்ச்சி மலையில் பெருங்காடு உரிமையாக இருந்தது. வழக்கின் செலவு ஜமீனைக் கடனில் ஆழ்த்தியது என்றும், அக்கடனைத் தீர்க்கவே காட்டின் ஒரு பகுதி குத்தகைக்கு விடப்பட்டது என்றும் திருநெல்வேலிப் பகுதியில் தலைமுறைகளாகச் சொல்லிவருகிறார்கள். குத்தகை நடந்தது ஐயத்துக்கு இடமற்றது. 1929 இல் ஏறத்தாழ 8,370 ஏக்கர் காடு 99 ஆண்டுகளுக்குப் பம்பாய் பர்மா வர்த்தக நிறுவனத்துக்கு அளிக்கப்பட்டது.

இந்நிறுவனத்தின் பெயரைப் பர்மிய வரலாறு படித்தவர்கள் அறிவார்கள். தேக்கு மரக் கணக்கில் ஏய்த்ததாகக் கூறி 1885 இல் பர்மிய அரசு இதற்கு அபராதம் விதித்தது. அதையே காரணமாகக் காட்டி ஆங்கிலேயர் மூன்றாம் பர்மியப் போரைத் தொடங்கினர். திபா மன்னர் நாடிழந்து இரத்தினகிரிக்கு அனுப்பப்பட்டார். அதே நிறுவனம் இப்போது திருநெல்வேலி மலையில் காட்டை அழித்துத் தேயிலை பயிரிட்டது. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்னும் குடியிருப்புகள் எழுந்தன.

அங்கே வேலைக்கு வந்தவர்கள் சமவெளியின் வறண்ட ஊர்களிலிருந்தும் கேரளத்திலிருந்தும் அழைத்துவரப்பட்ட ஏழைகள். அவர்களுள் பெரும்பாலோர் தலித் மக்கள். கங்காணி முறையைப் பற்றி இந்த அவைக்கு நாம் விளக்கத் தேவையில்லை. நம்மில் பலருடைய பாட்டன் பாட்டிமார் மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களுக்கு வந்ததும் அவ்வழியேதான். மலையேறியவர்களும் கடல் கடந்தவர்களும் ஒரே வறுமையிலிருந்து புறப்பட்டவர்கள்.

விடுதலைக்குப் பின் 1948 ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஜமீன் முறை ஒழிந்தது. சிங்கம்பட்டியின் காடும் அரசின் கைக்கு வந்தது. நிறுவனத்தின் குத்தகை மட்டும் தொடர்ந்தது. 1999 இல் கூலி உயர்வு கேட்டும், கைதான தோட்டத் தொழிலாளரை விடுவிக்கக் கோரியும் போராட்டம் எழுந்தது. ஜூலை 23 ஆம் நாள் திருநெல்வேலியில் ஊர்வலமாகச் சென்றவர்கள் மீது காவல்துறை தடியடி நடத்தியது. தப்பியோடியவர்கள் தாமிரபரணி ஆற்றில் இறங்கினார்கள். 17 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் ஒன்று கைக்குழந்தை. இதற்காகவும் விசாரணை ஆணையம் அமைந்தது. ஆனால் தேனாம்பேட்டையில் இறந்த ஒருவருக்காக நிகழ்ந்ததைப் போன்ற ஒரு பெருவழக்கு அந்தப் பதினேழு பேருக்காக நிகழவில்லை. இம்முறை ஆண்டவர்களும் மாண்டவர்களும் ஒரே நாட்டினர். நிறம் இடையில் வரவில்லை. ஆயினும் உயிர்களின் எடை வேறுபட்டே இருந்தது.

99 ஆண்டுக் குத்தகை 2028 இல் முடிவடைய வேண்டும். அதற்கு முன்னரே, 2024 இல், நிறுவனம் தோட்டப் பணியை நிறுத்திக்கொண்டு தொழிலாளர்க்கு விருப்ப ஓய்வுத் திட்டத்தை அறிவித்தது. மூன்று நான்கு தலைமுறைகளாக அந்த மலையைத் தவிர வேறு ஊர் அறியாதவர்கள் கீழே இறங்கவேண்டிய நிலைக்கு ஆளானார்கள். அவர்கள் வாழ்ந்த வீடு அவர்களுடையதன்று. அவர்கள் வளர்த்த தேயிலைச் செடியும் அவர்களுடையதன்று.

தேனாம்பேட்டையில் வெடித்த ஒரு துப்பாக்கியே இவை அனைத்துக்கும் காரணம் என்று சொல்வது மிகையாகும். வழக்கு நிகழாவிட்டாலும் தேயிலை நிறுவனங்கள் மலைகளைத் தேடியே வந்திருக்கும். வறுமையும் ஆள்களை மலையேற்றியிருக்கும். ஆனால் மக்கள் நினைவு இந்த இரண்டையும் இணைத்தே வைத்திருக்கிறது. பெரியவர்களின் வழக்குக்கான செலவு கடைசியில் எளியவர்களின் முதுகில் இறங்கும் என்று தோட்டத் தொழிலாளர் தம் வாழ்க்கையிலிருந்து அறிந்திருந்தார்கள். அந்த அறிவே அக்கதையை உயிரோடு வைத்திருக்கிறது.

வகுப்பறைக்கு எடுத்துச் செல்லவேண்டியது

தமிழில் துப்பறியும் கதைகள் இவ்வழக்குக்கு முன்பே வேரூன்றிவிட்டன. ஜே. ஆர். ரங்கராஜுவின் ‘ராஜாம்பாள்’ நாவலையும் அதில் வரும் துப்பறியும் கோவிந்தனையும் அன்றைய வாசகர்கள் விரும்பிப் படித்தார்கள். ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் மேலைநாட்டுக் கதைகளைத் தழுவித் தமிழ் உடை அணிவித்தார்கள். அக்கதைகளின் உலகில் கடைசி அத்தியாயத்தில் முடிச்சு அவிழும், கொலையாளி பிடிபடுவான், ஒழுங்கு திரும்பும். வாசகர் நிம்மதியாக விளக்கை அணைத்துவிட்டு உறங்கலாம்.

நியூயிங்டன் வழக்கில் அத்தகைய கடைசி அத்தியாயம் இல்லை. ஆசிரியர்கள் இதனை மாணவர்க்கு முன்வைக்கும்போது, கொன்றவர் யார் என்று ஊகிக்கச் சொல்லவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். அதற்கு மாறாக, அந்த இரவில் மாளிகையில் இருந்திருக்கக்கூடிய அனைவரையும் பட்டியலிடச் சொல்லுங்கள். அவர்களுள் யார் பெயர் வரலாற்றில் நின்றது, யார் பெயர் நிற்கவில்லை என்று பிரிக்கச் சொல்லுங்கள். காவற்காரரின் பார்வையிலிருந்து அவ்விரவை எழுதச் சொல்லுங்கள். அப்போது மாணவர்கள் மொழிப் பயிற்சியோடு, ஆவணத்தில் இல்லாதவரைத் தேடும் பழக்கத்தையும் பெறுவார்கள்.

இந்தத் தேடலுக்கு நம் ஊரிலேயே இடம் உண்டு. வாட்டர்லூ தெருவில் பயிற்சி பெற்ற பெண்களுள் கேப்டன் லட்சுமியின் பெயரை உலகம் அறியும். அவர் 1945 இல் பர்மாவில் பிடிபட்டு, 1946 இல் இந்தியா திரும்பியதும் வரலாற்றில் உண்டு. அவரோடு நின்ற தோட்டத்துப் பெண்கள், பால்மரம் வெட்டிய கையில் துப்பாக்கி ஏந்தியவர்கள், போர் முடிந்ததும் பெரும்பாலும் தோட்டங்களுக்கே திரும்பினார்கள். இன்றைய மாணவர் ஒருவரின் கொள்ளுப்பாட்டி அவர்களுள் ஒருவராக இருந்திருக்கலாம். வீட்டில் மூத்தோரிடம் கேட்டுப் பாருங்கள். அவர்கள் சொல்வதை அவர்கள் சொன்ன தமிழிலேயே எழுதி வையுங்கள்.

சாங்கிக்குச் சென்றவர்களுக்கு அருங்காட்சியகம் உண்டு; ஃபேரர் பார்க்குக்குச் சென்றவர்களை வரலாற்று நூல்கள் பேசுகின்றன. அந்த நாள்களில் சிராங்கூன் சாலையில் கடையைத் திறந்து வைத்துக் காத்திருந்தவர்களையும், தோட்டத்து லயத்தில் குழந்தையைத் தூங்கவைத்தவர்களையும் பேசவேண்டியவர்கள் நாம். அதற்கான மொழி நம்மிடம் இருக்கிறது. கேட்டவற்றை எழுதும் வேலை மட்டும் மீதமிருக்கிறது.